புதுப்பிப்பு: ரீட்கள் டேட்டாபேஸுக்குள்ளா, வெளியிலா?

ஏற்காடு தோட்டங்களின் காபி இலைகளிலிருந்து எடுத்த டிஎன்ஏ ரீட்களை (சீக்வென்சர் இயந்திரம் படித்துத் தரும் சிறு டிஎன்ஏ துண்டுகளின் வரிசைகளை) எப்படிச் சேமிப்பது என்று முன்பு கேட்டிருந்தேன். டேட்டாபேஸிலேயே ஏற்றுங்கள் என்று சிலர், கோப்பாகவே விடுங்கள் என்று சிலர். இரண்டாவது கட்சிதான் ஜெயித்தது.

ரீட்கள் இருக்கும் ஃபாஸ்ட்க்யூ என்ற உரைக் கோப்பில் ஒரு ரீடுக்கு 4 வரி: பெயர், எழுத்து வரிசை, கூட்டல் குறி, ஒவ்வொரு எழுத்தையும் எவ்வளவு நம்பலாம் என்ற தரக் குறிகள். தனி ஒரு ரீடைத் தேடி இங்கே யாரும் வருவதில்லை. கருவிகள் கோப்பை முழுசாகத்தான் படிக்கின்றன. எனவே ஜிஸிப்பில் சுருக்கிய கோப்புகள் டிஸ்க்கில். எஸ்க்யூலைட்டில் (ஒரே கோப்பாக இருக்கும் சிறு டேட்டாபேஸ்) கோப்பின் பாதை, எம்டி5 (கோப்பு மாறிவிட்டதா என்று பார்க்க உதவும் சரிபார்ப்புக் குறி), மாதிரி எண், தோட்டம், தேதி, ஜோடியில் 1-ஆ 2-ஆ (ஒரே துண்டை இரு முனையிலிருந்தும் படிப்பதால் கோப்புகள் ஜோடியாக வரும்), அவ்வளவுதான்.

சேலத்தில் எங்கள் ஆய்வகத்தில் பதிவது ஒருவர்தான், அதனால் இது போதும். பலர் ஒரே நேரத்தில் எழுதுவதானால் போஸ்ட்கிரெஸ் என்ற சர்வர் டேட்டாபேஸ் நல்லது. எஸ்க்யூலைட் கோப்பை நெட்வொர்க் டிரைவில் மட்டும் வைத்துவிடாதீர்கள். அங்கே லாக்கிங்கை (ஒருவர் எழுதும்போது மற்றவரைத் தடுக்கும் பூட்டை) நம்ப முடியாது, கோப்பே கெடலாம்.

அப்புறம், க்ராம் பற்றிக் கேட்ட தம்பிக்கு: க்ராம், பாம் இரண்டுமே ரெஃபரன்ஸ் ஜீனோமோடு (ஒப்பிட வைத்திருக்கும் முழு டிஎன்ஏ வரிசை) பொருத்திய ரீட்களை வைக்கும் கோப்பு வகைகள். ரெஃபரன்ஸிலிருந்து மாறும் இடங்களை மட்டும் எழுதுவதால் க்ராம் பாமைவிடச் சிறியது. ஆனால் அதே ரெஃபரன்ஸ் கையில் இல்லாவிட்டால் வரிசைகளை மீட்க முடியாது. அதனால் ரெஃபரன்ஸின் எம்டி5-க்கும் டேபிளில் ஒரு நெடுவரிசை சேர்த்தேன். பேக்கப் விஷயம்தான் பாக்கி.