பிஸ்டனுக்கு உந்துதண்டுன்னா, பிஸ்டன் ராடுக்கு என்னன்னு சொல்றது?

ஐயா, பிஸ்டனுக்குத் தமிழ்ல "உந்துதண்டு" ஏற்கெனவே புழக்கத்துல இருக்கு, அதையே வெச்சுக்கலாம்னு நீங்க எழுதியிருந்ததைப் படிச்சேன். எஞ்சின் பத்தி எழுதறப்ப அது ஓரளவு சரி, ஏன்னா அங்க ராடுக்கு இணைப்புத்தண்டுன்னு தனிப் பேர் இருக்கு. ஆனா மாடல்ல போடற குட்டி காத்து சிலிண்டரை, அதாவது காத்தோட அழுத்தத்தால பிஸ்டனையும் ராடையும் நகர்த்தற குழாயை, கழட்டி மேசைல பரப்பிப் பாருங்க, அந்தப் பேர் எங்க இடிக்குதுன்னு உடனே தெரிஞ்சிடும்.

முதல்ல ட்யூபைப் புடுங்கிட்டு ராடைக் கையால முன்னும் பின்னும் இழுத்து உள்ள இருக்கற காத்தைச் சுத்தமா வெளியேத்தணும். ஒரு பக்கம் மட்டும் காத்து போற வகைன்னா உள்ள ஸ்பிரிங் இருக்கும், மூடியைத் தளர்த்தினதும் தெறிச்சு வரும், அதனால கண்ணாடி போட்டுக்குங்க. முன்மூடியை சர்க்கிளிப் (பள்ளத்துல உக்கார்ற, ஒரு பக்கம் திறந்த வளையம்) பிடிச்சிருந்தா கழட்டலாம், குழாயோட விளிம்பையே உருட்டி மடிச்சு மூடியிருந்தா அதைத் திறக்கவே கூடாது, திரும்ப அந்த மடிப்பு வராது.

சர்க்கிளிப்பை எடுத்துட்டு இழுத்தா முன்மூடி, ராடு, ராடோட நுனில பிஸ்டன் எல்லாம் சேர்ந்து வெளிய வரும். பிஸ்டன்னு பாத்தா அது தட்டையான ஒரு வட்டு, அவ்வளவுதான். தண்டா இருக்கறது ராடு. நம்ம பேர் வட்டைத் தண்டுன்னு சொல்லுது, நிஜமான தண்டு பேரில்லாம நிக்குது.

இது வெறும் பேர்ச் சண்டை இல்லீங்க. 10 மிமீ உள்விட்டம், 4 மிமீ ராடு, 6 பார் அழுத்தம்னு வெச்சுக்குங்க. வெளிய தள்றப்ப சுமார் 47 நியூட்டன் விசை, உள்ள இழுக்கறப்ப சுமார் 40தான், ஏன்னா அந்தப் பக்கம் ராடு அடைச்சிருக்கற பரப்பு கழிஞ்சுபோகுது. இதை உந்துதண்டுங்கற ஒரே சொல்லை வெச்சு எழுதிப் பாருங்க, குழம்பிடும். அதனால பிஸ்டன் "உந்துவட்டு", ராடு "உந்துவட்டுத் தண்டு", இடம் தெளிவா இருந்தா சும்மா "தண்டு"ன்னு என்னோட பரிந்துரை.

அடுத்தது சீல். "முத்திரை"ன்னு சிலர் எழுதறாங்க, தயவுசெஞ்சு வேண்டாம், அது தபால் ஆபீஸ் வேலை. இங்க அது செய்யறது கசிவை அடைக்கறது, அதனால "கசிவடைப்பு". ஓ-ரிங் ஓ-ரிங்காவே இருக்கட்டும், எல்லாருக்கும் புரியுது. ஆனா ஓரம் விரிஞ்சு நிக்கற வகைக்கு "உதட்டு அடைப்பு" நல்லாருக்கும், ஏன்னா மாட்டறப்ப அந்த உதடு அழுத்தம் வர்ற பக்கம் பாக்கணும், திருப்பிப் போட்டா அழுத்தம் அதை விரிச்சுப் பிடிக்காது, காத்து ஓரமா ஓடிடும், பேர்லயே உதடு இருந்தா படிக்கறவன் அதைத் தேடிப் பாப்பான். இந்த உதட்டை ஸ்க்ரூடிரைவரால நெம்பாதீங்க, பிளாஸ்டிக் குச்சி போதும், திரும்ப உள்ள விடறப்ப சர்க்கிளிப் உக்கார்ற பள்ளத்தோட விளிம்புல பட்டுக் கிழியாமப் பாத்துக்குங்க. அடைப்பு நைட்ரைல் ரப்பர்ல செஞ்சதுன்னா சிலிகான் கிரீஸ் லேசாத் தடவலாம், சிலிகான் ரப்பருக்கு அதே கிரீஸ் போட்டா உப்பிடும்.

சர்க்கிளிப்புக்கு "பூட்டு வளையம்" தோணுது, ஆனா வளையம் முழுசா இல்லாம ஒரு பக்கம் திறந்திருக்கே, அதான் மனசு ஒப்பல. உங்களுக்கு வேற ஏதாவது தோணுதா?