பகுதி சபாவுக்குக் கூப்பிடும் முன் கணக்கைக் காட்டுங்கள்

தென்கரையான் (திரி தொடங்கியவர்)

மதுரை மாநகராட்சியில் 100 வார்டு, 5 மண்டலம். 2022இல் வந்த விதிகளின்படி வார்டுக்கு வார்டு கவுன்சிலர் தலைமையில் ஒரு குழு, அதற்குக் கீழே பகுதி சபாக்கள். 10 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை இருந்தால் ஒரு வார்டை 10 பகுதியாகப் பிரிக்க வேண்டும். அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று முதல் கூட்டங்கள் நடந்தன. கிராம சபை மாதிரி நகரத்துக்கும் ஒன்று வேண்டும் என்று பல வருடமாகக் கேட்டது கைக்கு வந்தது. அதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

நான் போன ஒரு கூட்டத்தைச் சொல்கிறேன். வார்டு எண் வேண்டாம். பள்ளிக்கூட வராண்டாவில் பிளாஸ்டிக் நாற்காலி. உள்ளே நுழைந்ததும் நீள நோட்டை நீட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். என்ன பேசப் போகிறார்கள் என்று அங்கே இருந்த யாருக்கும் தெரியாது. பொன்னாடை, பேச்சு, அப்புறம் மனு வாங்கினார்கள்: தெருவிளக்கு, சாக்கடை, நாய்த்தொல்லை. உதவிப் பொறியாளர் மடியில் ஒரு கட்டு ஃபைல் இருந்தது. கூட்டம் முடியும் வரை அதன் நாடாவை அவர் அவிழ்க்கவே இல்லை. போன வருடம் போட்ட ரோட்டுக்கு எவ்வளவு செலவு என்று ஒரு பெரியவர் எழுந்து கேட்டார். "ஆபீசுக்கு வாங்க, பார்த்துச் சொல்றோம்" என்று பதில்.

கணக்குத் தெரியாத ஆளைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் அவரால் மனு மட்டும்தான் கொடுக்க முடியும். கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னால் ஒரே ஒரு தாள் ரேஷன் கடைச் சுவரிலும் அங்கன்வாடியிலும் ஒட்டப்பட வேண்டும். இந்தப் பகுதியில் நடக்கும் வேலை என்ன, எஸ்டிமேட் எவ்வளவு, ஒப்பந்தக்காரர் யார், எப்போது முடிக்க வேண்டும், போன கூட்டத்து மனுக்கள் என்ன ஆயின. இதைச் செய்யாமல் எத்தனை சபா நடத்தினாலும் அது வெறும் வருகைப் பதிவுதான்.

பழைய பில் கலெக்டர்

தம்பி, நான் இந்தத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வேறொரு ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்பது காதுக்கு நன்றாக இருக்கிறது, நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால்தான் கஷ்டம் புரியும்.

100 வார்டு, 10 பகுதி என்றால் 1,000 பகுதி. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை என்றால் வருடத்துக்கு 4,000 தாள். ஒரு பொறியாளர் தலையில் பல வார்டு. குடிநீர்க் குழாய் உடைப்பு, முக்கியப் பிரமுகர் வருகை, தேர்தல் வேலை, எல்லாம் அவர்தான். இதையும் அவர் மேலேயே போட்டால் போன தடவைத் தாளில் தேதியை மட்டும் மாற்றி ஒட்டிவிட்டுப் போவார். அதைவிட ஒட்டாமலிருப்பது மேல்.

இரண்டாவது, எஸ்டிமேட்டைச் சுவரில் ஒட்டினால் முதலில் படிப்பது தெருவாசி இல்லை. ஒப்பந்தக்காரரிடம் போய் "உன் வேலையைப் பற்றி ஆர்.டி.ஐ. போட்டிருக்கேன், என்ன செய்யலாம்" என்று கேட்கிற ஆள்தான். அப்படிப்பட்ட ஆட்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். நேர்மையாக வேலை செய்கிற சின்ன ஒப்பந்தக்காரர்தான் முதலில் ஓடிப்போவார்.

கோரிப்பாளையம் சிக்னல்

தாள், பசை, சுவர்... 2026லுமா அண்ணே? ராஜஸ்தானில் 2019லேயே ஜன் சூச்னா போர்ட்டல் வந்துவிட்டது. கேட்காமலேயே அரசு தன் தகவலை அங்கே போடுகிறது. இங்கேயும் எல்லாவற்றையும் இணையத்தில் போட்டு, தெருப் பெயரைத் தட்டினால் வேலை வருகிற மாதிரி செய்தால் 4,000 தாள் பிரச்சினையே இல்லை. சுவரொட்டியை மாடு தின்றுவிடும், இல்லாவிட்டால் மேலே சினிமா போஸ்டர் ஒட்டிவிடுவார்கள்.

வடகரை அக்கா

சிக்னல் தம்பி, எங்கள் தெருவில் பெரும்பாலான வீடுகளில் ஒரே ஒரு நல்ல போன்தான். அது வேலைக்குப் போகிறவர் பையில் போய்விடும். ரேஷன் கடைச் சுவரை எல்லாரும் பார்ப்போம், வரிசையில் நிற்கும்போது வேறு வேலை இல்லை. இணையத்திலும் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. சுவரை விட்டுவிட்டு இணையத்தில் மட்டும் போடாதீர்கள்.

கூட்ட நேரத்தைப் பற்றி யாருமே பேசவில்லையே. வேலை நாளில் காலை 11 மணிக்கு வைத்தால் யார் வருவார்கள்? கட்சிக்காரர்களும் ஓய்வு பெற்றவர்களும்தான். எங்கள் பக்கம் வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், அப்பள வேலை, தையல் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் ஓய்வார்கள். தண்ணீர் விடுகிற நாளாகவும் இருக்கக் கூடாது.

எங்களுக்கு என்ன தெரியும் என்று நினைக்கிறார்கள். 2024 அக்டோபர் 25 மழையில் பந்தல்குடி வாய்க்கால் பொங்கி செல்லூர்ப் பக்கம் வீட்டுக்குள்ளே தண்ணீர் வந்தது. வாய்க்கால் எந்தச் சிறுபாலத்தில் அடைத்துக்கொள்ளும், எந்த வளைவில் குப்பை சேரும் என்று கரையில் குடியிருக்கிறவர்களுக்குத் தெரியும். அடுத்த மே மாதம் முதலமைச்சர் வந்தபோது அதே வாய்க்காலைத் துணி கட்டி மறைத்தார்கள். செய்தி வெளியானதும் அவரே போய்ப் பார்த்தார். துணி கட்டத் தோன்றியவர்களுக்கு அந்தக் கரையில் நாற்காலி போட்டு எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

தென்கரையான்

அக்கா சொன்ன நேரம் சரி. என் கோரிக்கையில் அதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

பில் கலெக்டர் சார், வேலைப்பளு உண்மைதான். ஆனால் எஸ்டிமேட் ஏற்கனவே கணினியில் தட்டச்சாகித்தான் கையெழுத்துக்குப் போகிறது. ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998இலேயே வந்துவிட்டது. புதிதாக யாரும் எதையும் உட்கார்ந்து எழுத வேண்டியதில்லை, இருப்பதிலிருந்து ஒரு பக்கம் அச்சிட வேண்டும், அவ்வளவுதான்.

மிரட்டுகிற ஆளைப் பற்றி: ஒரே ஒருவர் கையில் மட்டும் தகவல் இருக்கிற வரைக்கும்தான் அவருக்கு அதில் விலை. தெருவே படித்துவிட்ட எஸ்டிமேட்டை வைத்து யாரை மிரட்ட முடியும்?

ஒரு உதாரணம். பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று 2021 மே மாதம் தலைமைச் செயலாளரே உத்தரவு போட்டார். இல்லாவிட்டால் ரோடு ஏற ஏற வீடு பள்ளமாகிவிடும். எஸ்டிமேட்டில் 'மில்லிங்' என்று ஒரு வரி இருந்தால், அதற்குப் பணம் போயிருந்தால், சுரண்டினார்களா இல்லையா என்று வாசற்படியைப் பார்த்தே தெரு சொல்லிவிடும். மூன்று படி ஏறிப் போன வீட்டில் இப்போது ஒரு படிதான் வெளியே தெரிகிறது என்றால், அதைக் கண்டுபிடிக்க எந்தப் பொறியியல் படிப்பும் வேண்டாம்.

உலகனேரி வக்கீல்

எல்லாரும் ஏதோ சலுகை கேட்கிற மாதிரி பேசுகிறீர்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 4(1)(ஆ). நிதி ஒதுக்கீடு, திட்டங்கள், செலவு உட்பட 17 வகைத் தகவலை யாரும் மனுப் போடாமலேயே அலுவலகம் வெளியிட வேண்டும். சட்டம் இயற்றிய 120 நாளில் செய்திருக்க வேண்டிய வேலை அது. பிரிவு 2(ஒ)வை, ஆங்கிலத்தில் 2(j), கவனித்துப் படித்தவர்கள் குறைவு. வேலையையும் ஆவணத்தையும் நேரில் பார்வையிட, போட்ட பொருளில் மாதிரி எடுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. நடந்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தையும் (எம்-புக்) உட்கார்ந்து பார்க்கலாம். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தால் தகவல் உரிமைச் சட்டத்தின் பிரிவு 8(1)(ஒ), ஆங்கிலத்தில் 8(1)(j), மாறி, 2025 நவம்பரில் அமலுக்கு வந்துவிட்டது. 'தனிநபர் தகவல்' என்று சொல்லிக் கதவை மூடுவது இனி சுலபம். பொதுநலன் பெரிது என்றால் கொடுக்கலாம் என்கிற 8(2) இன்னும் இருக்கிறது, ஆனால் அதற்கு வாதாட வேண்டும். அதனால் இனி தனித்தனியாக மனுப் போட்டு வாங்குவதை நம்பி இருக்க முடியாது. தென்கரையான் கேட்பது போலத் தானாகவே வெளிவரும் ஏற்பாடு முன்பைவிட இப்போதுதான் அதிகம் தேவை.

பழைய பில் கலெக்டர்

வக்கீல் சார், அளவுப் புத்தகத்தைச் சுவர் வரைக்கும் கொண்டுவராதீர்கள். எஸ்டிமேட் ஒட்டலாம், அதில் நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. எம்-புக் வேறு சங்கதி. வேலை பாதி நடக்கும்போதே அளவு ஏறும், பாதி பில் போகும். மண் தோண்டியது, அடியில் ஜல்லி போட்டது எல்லாம் மூடியபிறகு கண்ணுக்குத் தெரியாது. மேலே நின்று பார்க்கிறவர் "இங்கே ஒண்ணுமே இல்லையே, பணம் போயிருக்கே" என்பார். அடியில் உண்மையாகவே போட்டிருந்தாலும் பொறியாளர் மேல் புகார் போகும். விசாரணை முடியும் வரை அவருக்குப் பதவி உயர்வு நின்றுவிடும். அப்படி நின்றுபோன நல்ல மனிதர்களை எனக்குத் தெரியும்.

வடகரை அக்கா

மூடுகிறதுக்கு முன்னால் கூப்பிட வேண்டியதுதானே ஐயா? பாதாளச் சாக்கடைக்குக் குழி தோண்டினால் நாலு நாள் எங்கள் வாசலில்தான் கிடக்கிறது. பலகை போட்டுத்தான் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு இறக்கிவிடுகிறோம். குழாய் வைத்ததும் "அம்மா, வந்து பாருங்க, இவ்வளவு ஆழம், இவ்வளவு ஜல்லி" என்று டேப்பைப் பிடித்துக் காட்டி இரண்டு வீட்டில் கையெழுத்து வாங்கட்டும். பிற்பாடு யார் புகார் போட்டாலும் அந்தக் கையெழுத்து பொறியாளருக்குத்தான் பாதுகாப்பு.

பழைய பில் கலெக்டர்

இது நடக்கக்கூடிய யோசனை அம்மா. அந்தக் கையெழுத்தும் கவுன்சிலர் வீட்டு ஆளுடையதாக இருந்துவிடக் கூடாது, அதை மட்டும் பார்க்க வேண்டும்.

கோரிப்பாளையம் சிக்னல்

செலவுக் கணக்கையே பேசிக்கொண்டிருக்கிறோம், வரவு? 2025இல் இதே மதுரையில் சொத்து வரி முறைகேட்டு வழக்கு. அதிகாரிகளின் கடவுச்சொல்லைப் பயன்படுத்திக் கட்டடங்களுக்கு வரியைக் குறைத்தார்கள் என்பது புகார். மண்டலத் தலைவர்கள் ஐந்து பேரும் ஜூலையில் பதவி விலகினார்கள், அக்டோபரில் மேயரும். வழக்கு முடியட்டும், யார் குற்றவாளி என்று நான் சொல்லப் போவதில்லை. ஆனால் தெருவாரியாக வரிப் பட்டியல் ஒட்டியிருந்தால் இது நடந்திருக்குமா? பெயர் வேண்டாம். கதவு எண், சதுர அடி, வீடா கடையா, அரையாண்டு வரி. கல்யாண மண்டபம் வீட்டு வரி கட்டினால் எதிர் வீட்டுக்காரருக்கு அன்றைக்கே தெரிந்துவிடும்.

பழைய பில் கலெக்டர்

இதை மட்டும் நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். பெயர் இல்லாமல் கதவு எண் போட்டால் அது யார் வீடு என்று தெருவுக்குத் தெரியாதா? வரிக் கணக்கு என்றால் அதில் ஒரு குடும்பத்தின் நிலைமையே இருக்கிறது. மாடி கட்டியதை வைத்து அண்ணன் தம்பி பாகப்பிரிவினைச் சண்டை, பாக்கி வைத்திருப்பதை வைத்து வட்டிக்காரர் கணக்கு, பெண் பார்க்க வருகிறவர்கள் விசாரணை. என் வேலைக்காலம் முழுக்க வீடு வீடாகப் போனவன் சொல்கிறேன், ரசீதை மடித்துச் சேலை முந்தானையில் முடிந்துகொள்கிற அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். அது அவர்கள் மானம்.

தென்கரையான்

சார், வீடுகளை விட்டுவிடலாம். 2022 சீராய்வில் 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 1,800க்கு மேல் போனால் 100 சதவீதம், வணிகக் கட்டடங்களுக்கும் 100 சதவீதம் உயர்வு என்று அரசே பொதுவில் அறிவித்ததுதான். அந்த வீதம் ஒரு வணிக வளாகத்துக்கு உண்மையில் போட்டார்களா என்று தெரிந்துகொள்வதில் யாருடைய மானமும் போகாது. வணிகப் பயன்பாட்டுக் கட்டடங்களின் பட்டியல் மட்டும் போதும். குறைத்தால் ஏன் குறைத்தார்கள், யார் ஒப்புதல் கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்து.

பழைய பில் கலெக்டர்

வாசல் அறையில் பெட்டிக்கடை வைத்திருக்கிற வீடும் உங்கள் பட்டியலில் வணிகம்தான்.

வடகரை அக்கா

எங்கள் சொந்தத்தில் ஒருவர் வீட்டுத் திண்ணையில் இட்லி சுடுகிறார். அளக்க வந்தவர்கள் அதைக் கடை என்று எழுதிவிட்டார்கள். ஏறிய வரியைக் கட்டுவதற்கு நகையை அடகு வைத்தார். அதே ரோட்டில் இருக்கிற பெரிய கட்டடம் என்ன கட்டுகிறது என்று அவருக்குத் தெரியாது, கேட்க இடமும் இல்லை. ஒரு அளவு வையுங்கள், அதற்குக் கீழே இருக்கிற கடை பட்டியலில் வராது என்று. பெரியதை மறைக்கிறதுக்குச் சின்னவர்களைக் காரணம் காட்டாதீர்கள் ஐயா, வேண்டிக் கேட்கிறேன்.

தென்கரையான்

அடுத்த சபாவில் கொடுக்க இப்படி எழுதியிருக்கிறேன், திருத்தம் சொல்லுங்கள்: "எங்கள் பகுதியில் நடக்கும், நடக்கவிருக்கும் பணிகளின் மதிப்பீடு, ஒப்பந்தக்காரர், முடிக்க வேண்டிய தேதி, முந்தைய மனுக்களின் நிலை ஆகியவற்றைக் கூட்டத்துக்கு ஏழு நாள் முன்பு ரேஷன் கடையிலும் இணையத்திலும் வெளியிடவும். புதைக்கப்படும் பணிகளை மூடும் முன் தெருவாசிகள் இருவர் முன்னிலையில் அளக்கவும். கூட்டத்தை மாலை 6 மணிக்கு மேல் நடத்தவும். குறிப்பிட்ட பரப்பளவுக்கு மேற்பட்ட வணிகக் கட்டடங்களின் சொத்து வரி விவரத்தை வெளியிடவும்."

பழைய பில் கலெக்டர்

மனுவாகக் கொடுத்தால் மனுக் கட்டோடு போய்விடும். நான்கு பகுதி சபாக்களில் இதே வாசகத்தைத் தீர்மானமாகப் போட்டு, தலைமை வகிக்கிறவரிடம் அங்கேயே நடவடிக்கைக் குறிப்பேட்டில் எழுத வையுங்கள். எழுதியதை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு கவுன்சிலரிடம் போய் மாமன்ற அஜெண்டாவில் பொருளாக வைக்கச் சொல்லுங்கள். பொருள் எண் விழுந்துவிட்டால் ஒத்திவைத்தாலும் காரணம் எழுத வேண்டி வரும். 'வெளியிடவும்' என்பதோடு யார் வெளியிட வேண்டும் என்று பதவியையும் போடுங்கள், 'உதவிப் பொறியாளர்' என்று. பொறுப்பு யாருக்கு என்று எழுதாத தீர்மானத்தை எந்த அலுவலகத்திலும் யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை.

கடைசி வாக்கியத்தைத் தனித் தீர்மானமாகப் பிரித்துவிடுங்கள். முதல் மூன்றுக்கும் எங்கள் பகுதி சபாவில் நான் கை தூக்குகிறேன். வரிப் பட்டியல் வந்தால் எழுந்து எதிர்த்துத்தான் பேசுவேன்.