சென்னை ரங்கநாதன் தெரு, பாண்டி பஜார், எம்.சி. ரோடு: கம்மி விலையில் துணி எடுக்க ஐந்து பேரின் அனுபவக் குறிப்புகள்

மாம்பலம்வாசி:
ரங்கநாதன் தெருவுக்கு வார நாளில், காலை 11 மணிக்கெல்லாம் போய்விடுங்கள். துணிக் கட்டைப் பிரித்துக் காட்டும் பொறுமை கடைப்பையன்களுக்கு அப்போதுதான் இருக்கும். ஞாயிறு சாயங்காலம் போனால் முன்னால் போகிறவர் முதுகைத்தான் பார்க்கலாம். பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்ப அந்தக் கூட்டத்தில் மறுபடி நுழைய வேண்டாம். 2023இல் திறந்த நடைமேம்பாலம் மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் நிலையம் வரை போகிறது.

பிளாட்பாரத்தில் போட்டுப் பார்க்க இடம் கிடையாது. அதனால் இஞ்ச் டேப் கட்டாயம். உங்களுக்குச் சரியாக இருக்கும் சட்டையை வீட்டிலேயே தரையில் விரித்து, அக்குளுக்கு அக்குள், தோள், நீளம் மூன்றையும் அளந்து போனில் ஏற்றிக்கொள்ளுங்கள். அக்குளுக்கு அக்குள் 21 அங்குலம் என்றால் சட்டையின் மார்புச் சுற்று 42. கடையிலும் விரித்துத்தான் அளக்க வேண்டும். லேபிளில் இருக்கும் எம், எல் எதையும் நம்பாதீர்கள். ஒரே குவியலில் பல கம்பெனி சரக்கு கிடக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு அளவு.

பனியன் சரக்கு:
டி-ஷர்ட்டுக்கு அளவு மட்டும் போதாது. "எக்ஸ்போர்ட் பீஸ், எக்ஸ்போர்ட் பீஸ்" என்று கூவுவதெல்லாம் எக்ஸ்போர்ட் இல்லை. நிஜமாகவே ஏற்றுமதிக்கு ஆகாது என்று கழித்த சரக்கு என்றால் கழித்ததற்கு ஒரு காரணம் இருக்கும், அதைக் கண்டுபிடித்துவிட்டுக் காசு கொடுங்கள். எண்ணெய்க் கறையா, தையல் ஓரத்தில் ஊசி ஓட்டையா, கைக்கும் உடம்புக்கும் கலர் மாறியிருக்கிறதா? ஓட்டைக்கு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். கலர் வித்தியாசம் கடை பல்பில் தெரியாது, வெயிலுக்குக் கொண்டுவாருங்கள். லேபிள் மட்டும் தப்பு என்றால் அதிர்ஷ்டம்தான்.

அடுத்தது முறுக்கு. இரண்டு பக்கத் தையலையும் ஒன்றாகச் சேர்த்து மடியுங்கள். கீழ் விளிம்பு கோணலாக நின்றால் துணியை நேராக வெட்டவில்லை என்று அர்த்தம். துவைத்ததும் பக்கத் தையல் வயிற்றுக்கு வந்துவிடும், எந்த இஸ்திரிக்கும் திரும்பாது. தினமும் போட 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு) துணி நல்லது. 140 என்றால் உள்ளே போட்ட பனியன் தெரியும்.

வண்ணாரப்பேட்டை தையல்:
பெண்கள் டாப்ஸ் எடுக்கிறவர்கள் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் எடுக்காதீர்கள். ஒரு அங்குலத்துக்கு 10 தையலாவது விழுந்திருக்க வேண்டும். 6, 7தான் என்றால் உட்கார்ந்து எழும்போது இடுப்புப் பக்கம் இளித்துவிடும். தையலுக்கு வெளியே அரை அங்குலமாவது துணி விட்டிருந்தால் பிறகு பிரித்துப் பெரிதாக்கிக்கொள்ளலாம். ஓவர்லாக் (நூல் பிரியாமலிருக்க ஓரத்தில் போடும் தையல்) ஓரத்தை ஒட்டியே தைத்திருந்தால் எந்தத் தையற்காரராலும் ஒன்றும் செய்ய முடியாது. ரேயான் நன்றாகச் சுருங்கும். நீளத்தில் இரண்டு அங்குலம் கூடுதலாகவே எடுங்கள். வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து உள்மடிப்பில் அழுத்தித் தேயுங்கள்: கலர் ஒட்டினால் வைத்துவிட்டு வந்துவிடலாம். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் நின்றுவிடும் என்று கடைக்காரர் சொல்வார். நிற்காது.

லெக்கிங்ஸைக் கை முஷ்டியில் மாட்டி இழுத்துப் பாருங்கள். வெளுத்துத் தெரிந்தால் வேண்டாம். நெடுக்கிலும் இழுபட வேண்டும், அகலத்தில் மட்டும் இழுபட்டால் முழங்காலில் தொங்கும்.

எம்.சி. ரோடு சேலை:
சேலையை அப்படியே மடிப்போடு வாங்காதீர்கள். பிளவுஸ் துணியையும் சேர்த்து 6.3 மீட்டர் என்பது வழக்கமான கணக்கு, அதில் 80 சென்டிமீட்டர் பிளவுஸுக்கு. விலை மிகவும் கம்மி என்றால் பெரும்பாலும் நீளத்தில்தான் கை வைத்திருப்பார்கள். பிளவுஸை வெட்டிய பிறகு கொசுவத்தில் இரண்டு மடிப்பு குறையும்போதுதான் தெரியும். அகலம் 44 அங்குலத்துக்குக் கீழே போனால் உயரமானவர்களுக்குக் கணுக்காலுக்கு மேலே நிற்கும்.

பாண்டி பஜார் பக்கம்:
"சொன்ன விலையில் பாதி கேளு" என்பது எல்லா இடத்துக்கும் ஆகாது. விலை ஒட்டியிருக்கும் கடையில் பேரம் பேசினால் நேரம்தான் வீண். பிளாட்பாரத்தில்கூட ஒன்றுக்குப் பேசுவதை விட, "மூணு எடுத்தா எவ்வளவு போடுவீங்க அண்ணா?" என்றால் விலை இறங்கும். காலையில் முதல் போணி நேரத்தில் விலை கேட்டுவிட்டு வாங்காமல் நகராதீர்கள், திட்டு விழும். மாற்றித் தருவார்களா என்பதைக் காசு கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள். பில் போடும் கடை என்றால் எத்தனை நாளுக்குள் என்று அதிலேயே எழுதி வாங்குங்கள். பிளாட்பாரத்தில் "மாத்தித் தரேன் மா" என்பார்கள். மறுநாள் அதே இடத்தில் வேறொருவர் செருப்பு விற்றுக்கொண்டிருப்பார்.