கப்பலில் தூக்கம் கெட்ட கதை: உங்கள் கேபின் எங்கே இருந்தது?

கடற்கரைச்சாலை:
சிங்கப்பூரில் ஏறி பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் வழக்கமான பயணம்தான். பால்கனி கேபின், நீச்சல்குளத் தளத்துக்கு நேர் கீழே. "படியேறினா குளம் சார், இதைவிட என்ன வேணும்" என்று சொல்லித்தான் ஏஜென்ட் தலையில் கட்டினார். விடியற்காலை ஐந்து மணி இருக்கும், உச்சந்தலைக்கு மேலே கர்ர்ர் என்று ஒரு இழுவை. நின்றது. மறுபடி கர்ர்ர். தளத்தைக் கழுவிவிட்டு சாய்வு நாற்காலிகளை ஒவ்வொன்றாக இழுத்து வரிசையில் போடுகிறார்கள். மாமனார் எழுந்து உட்கார்ந்து, "மாடியில யாருப்பா இந்நேரத்துல கட்டிலை நகர்த்துறது?" என்றார். கப்பலில் இருக்கிறோம் என்பதே அவருக்கு ஞாபகம் இல்லை. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அது முதல் நாள் மட்டும்.

தஞ்சை_மைனா:
நாற்காலி எல்லாம் ஒரு சத்தமா சார்? எங்களுடையது கேரண்டி கேபின். விலை குறைவு, அவர்கள் கொடுக்கிற அறையை வாங்கிக்கொள்ள வேண்டும். கொடுத்தது கீழ்த்தளத்தில் முன்பக்கத்துக் கோடி. பினாங்கில் கப்பலைக் கரையணைக்கும்போது கட்டிலுக்கு அடியில் கான்கிரீட் கலவை மிஷினை ஓட்டிவிட்டது போல ஒரு அதிர்வு. மேசை மேல் இருந்த தண்ணீர் பாட்டில் இம்மி இம்மியாக நகர்ந்து விளிம்புக்குப் போனதைப் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து பிடிக்கத் தோன்றவில்லை, விழுந்தே விட்டது. பவ் த்ரஸ்டராம். கப்பலின் முன்பக்கம் தண்ணீருக்கடியில் குறுக்கே ஒரு குழாய், அதற்குள் விசிறி, அதுதான் கப்பலைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. நாம் ஊர் பார்க்க இறங்கவேண்டும் என்பதற்காக அதிகாலையில்தான் தள்ளுவார்கள். புக்கெட்டில் பாத்தோங் கரைக்கு வெளியே நங்கூரம் போட்டார்கள். அந்தச் சங்கிலிச் சத்தத்தைப் பற்றி நான் பேசப்போவதில்லை.

நீலக்குதிரை:
பழைய கப்பலில் ஏறினால் இப்படித்தான். முன்பெல்லாம் மோட்டார் உள்ளே இருக்கும், அங்கிருந்து நீளமான தண்டு பின்பக்கம் வரை போய் ப்ரொப்பெல்லரைச் சுற்றும், பின்பக்கக் கேபின்கள் ஆடும். அசிபாட், சுருக்கமாக பாட், வந்தபிறகு மின்மோட்டாரே கப்பலுக்கு வெளியே ஒரு கூட்டுக்குள் தொங்குகிறது. 1998-இல் வந்த கார்னிவல் இலேஷன்தான் அது பொருத்திய முதல் சொகுசுக் கப்பல். பாட் உள்ள கப்பலாகப் பார்த்து எடுங்கள், பின்பக்கம் தாராளமாகப் படுக்கலாம். நான் படுத்திருக்கிறேன், ஒரு சத்தமும் கேட்கவில்லை.

ராணிமங்கை:
நீலக்குதிரை சார், நாங்கள் போனதும் பாட் கப்பல்தான், பின்பக்கக் கேபின்தான். துறைமுகத்தில் தாமதமாகிவிட்டதால் ராத்திரி முழுக்க வேகமெடுத்தார்கள். அலமாரிக்குள் காலி ஹேங்கர்கள் ஒன்றோடொன்று மோதி டிங் டிங் டிங் என்று விடாமல் அடித்தன. வீட்டுக்காரர் இரண்டு மணிக்கு எழுந்து ஒவ்வொரு ஹேங்கருக்கு நடுவிலும் ஒரு சாக்ஸைச் செருகினார். மோட்டார் எங்கே தொங்கினால் என்ன சார், தண்ணீரைத் தள்ளுவது ப்ரொப்பெல்லர்தானே? வேகம் கூடினால் இறக்கைகளில் குமிழி உண்டாகி உடையும், அந்த அடி நேர் மேலே இருக்கும் தகட்டில் விழும். அதிர்வு குறையும் என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். அறவே இருக்காது என்று சொல்லாதீர்கள்.

திண்ணை வாத்தியார்:
எனக்கு நடந்தது சின்ன விஷயம். அடுத்த அறைக்காரர் இருமியது என் தலையணைக்குப் பக்கத்தில் கேட்டது, அவ்வளவுதான். இரண்டு அறைக்கும் நடுவே கதவு. ஆனால் இங்கே யாருமே டெக் பிளானைப் பார்த்ததாகத் தெரியவில்லையே, அதனால் சொல்கிறேன். உங்கள் தளத்தின் படத்தை மட்டும் பார்த்தால் போதாது. மேல் தளம், கீழ்த் தளம் இரண்டின் படத்தையும் பக்கத்தில் வைத்து, உங்கள் கேபினுக்கு நேர் மேலே என்ன, நேர் கீழே என்ன என்று பாருங்கள். மேலேயும் கீழேயும் கேபினாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். மேலே பஃபே என்றால் தட்டு வண்டி உருளும், கீழே தியேட்டர் என்றால் டிரம் சத்தம் தரை வழியாக ஏறி வரும். படத்தில் ஒன்றும் எழுதாமல் வெள்ளையாக விட்ட இடம் இருக்கிறதே, அங்கேதான் ஜாக்கிரதை. பெரும்பாலும் சமையல்கட்டு, சாமான் அறை, ஊழியர் படிக்கட்டு. நடுப்பகுதி, அதிலும் கீழ்த் தளம் என்றால் ஆட்டமும் குறைவு, ஏனென்றால் அலையில் கப்பலின் இரண்டு முனையும்தான் ஏறி இறங்கும், உயரே போகப் போக பக்கவாட்டு அசைவு அதிகம். உயரத்துக்குத்தான் காசு அதிகம், அது வேறு வேடிக்கை. நடுவே கதவு உள்ள அறைகளுக்குப் படத்தில் சின்னக் குறி போட்டிருப்பார்கள், குடும்பமாக இரண்டு அறை எடுத்தாலொழிய வேண்டாம். காதடைப்பான் பஞ்சு எடுத்துப் போங்கள். சத்தம் தாங்கவில்லை என்றால் முதல் நாளே வரவேற்பு மேசையில் கேளுங்கள், காலி இருந்தால் மாற்றித் தருவார்கள்.

தஞ்சை_மைனா:
வாத்தியாரே, கேரண்டி கேபின் என்று சொன்னேனே. எந்தப் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது?

அலாஸ்கா அக்கா:
எங்களுக்கு மேலேயும் கேபின், கீழேயும் கேபின், கப்பலின் நட்டநடு. வாத்தியார் கேட்டிருந்தால் நூற்றுக்கு நூறு போட்டிருப்பார். வான்கூவரிலிருந்து அலாஸ்கா போகும் வழியில் தீவுகளுக்கு நடுவே கடல் குளம் மாதிரி கிடக்கும். குயின் ஷார்லட் சவுண்ட் என்கிற கடல்பகுதி வந்ததும் திறந்த கடல், அலை ஆரம்பம். உடனே கூரைப் பலகை பேச ஆரம்பித்தது. கிரீச், ஒரு மூச்சு இடைவெளி, கிரீச். எழுந்து பலகையைக் கையால் அழுத்தினால் நிற்கும், கையை எடுத்தால் கிரீச். கட்டில் மேல் ஏறி நின்று கூரையைத் தாங்கிக்கொண்டிருந்தேன், நடுராத்திரியில், நைட்டியோடு. காலையில் அறைப் பணியாளரிடம் சொன்னேன். அவர் கொஞ்சமும் ஆச்சரியப்படாமல் பாக்கெட்டிலிருந்து அட்டைத் துண்டை எடுத்து நாலாக மடித்து பலகை இடுக்கில் சொருகினார். அப்புறம் சத்தமே இல்லை. பாக்கெட்டில் தயாராக வைத்திருக்கிறார் பாருங்கள்!

நீலக்குதிரை:
ராணிமங்கை மேடம், உங்கள் கேபினுக்குக் கீழே டைனிங் ஹால் இருந்திருக்கும். குயின் மேரி 2 கப்பலில் நாலு பாட் இருக்கிறது. அதில் போய்ப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

ராணிமங்கை:
டிக்கெட் எடுத்துக் கொடுங்கள் சார், போய்ப் பார்க்கிறேன்.

கடற்கரைச்சாலை:
சண்டைக்கு நடுவே ஒரு சந்தேகம். மாமனாருக்கு முழங்கால் வலி, லிப்ட் பக்கத்தில் அறை வேண்டும் என்கிறார். லிப்ட் பக்கம் ராத்திரி ஆள் நடமாட்டம் சத்தமாக இருக்குமா?

அலாஸ்கா அக்கா:
ஒட்டினாற்போல வேண்டாம். லிப்ட் கூடத்தைத் தாண்டி நடைக்கூடத்துக்குள் நாலைந்து கதவு தள்ளி எடுங்கள். நின்று பேசுகிறவர்கள் எல்லாம் லிப்ட் வாசலிலேயே பேசிவிட்டுத்தான் வருவார்கள்.