புதுப்பிப்பு: ஃபாக் லைட் ஒருவழியாக எரிகிறது
போன வாரம், எங்கள் எஸ்யூவியில் நானே மாட்டிய ஃபாக் லைட் (பனிமூட்ட விளக்கு) இரண்டில் இடது பக்கத்தது மட்டும் மங்கலாக எரிகிறது என்று எழுதியிருந்தேன் அல்லவா, கோளாறு பல்பிலும் இல்லை, ரிலேயிலும் (சின்ன கரன்ட்டை வைத்துப் பெரிய கரன்ட்டை ஆன்-ஆஃப் செய்யும் சுவிட்ச்) இல்லை. வண்டியின் இரும்பு பாடியோடு சேர வேண்டிய எர்த் ஒயரை, கரன்ட் விடாத பெயின்ட் மேலேயே வைத்து போல்ட்டை முறுக்கியிருக்கிறேன், என் புத்தியை என்ன சொல்ல! உப்புத்தாள் போட்டு இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து மாட்டியதும் சரியாகிவிட்டது.

அப்புறம், ரிலே எதற்கு, சுவிட்ச் வழியாகவே கொடுக்கலாமே என்று கேட்டவர்களுக்கு: 55 வாட் பல்பு இரண்டும் சேர்ந்து 12 வோல்ட்டில் 9 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், அந்தச் சின்ன சுவிட்ச் நாளடைவில் கருகிவிடும். பேட்டரியை ஒட்டி 15 ஆம்பியர் ஃபியூஸ், அங்கிருந்து ரிலேயில் 30 என்று போட்ட முனைக்கு, 87 என்று போட்ட முனையிலிருந்து விளக்குக்கு. இன்னும் வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இறக்க வேண்டும், எதிரே வருபவருக்குக் கண் கூசுகிறது.