கீமோவுக்கு இடையே வேலைக்குப் போன அக்காமார்கள் சொல்லுங்கள்

கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறேன். கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் வேலை. இடது மார்பையும் அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துவிட்டார்கள். இப்போது கோயம்புத்தூரில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோ.

மருந்து ஏற்றியதும் நான்கு நாள் எழுந்திருக்க முடிவதில்லை. இரண்டாவது வாரம் தெம்பு வருகிறது. ஆனால் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாட்களும் அவைதாம், தொற்று எளிதில் வரும், கூட்டமான பஸ்ஸில் ஏறாதே என்கிறார் டாக்டர். மூன்றாவது வாரம் என்னால் நிச்சயம் வேலை செய்ய முடியும். வீட்டில் இருந்தால் நோயைத் தவிர வேறு நினைப்பே வருவதில்லை.

முடிச்சுகளை எடுத்த பக்கம் என்பதால், கனமான பெட்டி தூக்கினால் இடது கை வீங்கிவிடுமோ என்று பயம். மேற்பார்வையாளரிடம் வேறு வேலை எப்படிக் கேட்டீர்கள்? புற்றுநோய்க்கு இ.எஸ்.ஐ.யில் நீண்டகால நோய்ப்படி உண்டு, கூலியில் 80 சதவீதம். இடையிடையே வேலைக்கும் போய்க்கொண்டு அதை வாங்கியவர்கள் இருக்கிறீர்களா? அடுத்த கீமோ வெள்ளிக்கிழமை. அதற்குள் சொல்லுங்கள் அக்கா.