காரிலேயே கிடக்க ஒரு ஸ்பேர் பைனாகுலர்: எது தாங்கும்?

வணக்கம். வேடந்தாங்கல் போகும்போது மட்டுமல்ல, வழியில் ஏரிக்கரையில் வண்டியை ஓரங்கட்டினாலும் எடுத்துப் பார்க்க, காரிலேயே இருக்கும்படி இரண்டாவது பைனாகுலர் ஒன்று வேண்டும்.

8×42 (8 மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 42 மி.மீ. அகலம்) என்றால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் 5.25 மி.மீ.; 8×32-இல் 4 மி.மீ.தான். விடியற்காலையில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். ஆனால் 32 சீட்டுக்கடியில் எளிதாக அடங்கும்.

பெரிய கவலை வெயில்தான். மூடிய காரின் சூட்டில் ஃபோகஸ் சக்கரத்தின் கிரீஸ் இளகி லென்ஸ் பக்கம் கசியும். மேலுறை ரப்பர் பிசுபிசுக்கும். டாஷ்போர்டில் வைக்கவே கூடாது: லென்ஸ் வெயிலைக் குவித்தால் சீட் கருகும். அடைமழைக் காலத்தில் பூஞ்சை. காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு சிலிக்கா ஜெல் பையோடு வைப்பதாகத் திட்டம்.

காரிலேயே வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்:

உள்ளே ஈரம் படியாமலிருக்க நைட்ரஜன் நிரப்பி மூடிய பைனாகுலர்களின் ரப்பர் வளையங்கள் இரண்டு மூன்று கோடைக்குப் பிறகும் ஈரத்தைத் தடுக்கின்றனவா?

பட்ஜெட் 8,000 ரூபாய். இந்த விலையில் போரோவில் (முன் லென்ஸ்கள் அகன்று நிற்கும் பழைய வடிவம்) காட்சி தெளிவு. ஆனால் குலுங்கிக் குலுங்கிப் பிரிசம் (உள்ளே ஒளியைத் திருப்பும் கண்ணாடி) நகர்ந்து இரட்டையாகத் தெரியுமோ என்று பயம். நேர்க்குழாய் வடிவிலான ரூஃப் பிரிசமே மேலா?

மாடல் பெயரோடு, எத்தனை வருடம் தாங்கியது என்றும் எழுதுங்கள்.